அலமேடா மாவட்ட ஆய்வு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஓக்லண்டு நகரை உள்ளடக்கிய அலமேடா மாவட்டத்தில் 1965இல் தொடங்கிய நெடுங்கால மக்கள்நல ஆய்வு. ஏறத்தாழ 7,000 பேர் பங்கேற்றனர். ஏழெட்டு மணி நேரத் தூக்கம், காலை உணவு, இடைத்தீனி தவிர்த்தல், உடற்பயிற்சி, அளவான எடை, புகைக்காமை, மிதமிஞ்சிக் குடிக்காமை ஆகிய ஏழு பழக்கங்கள் நீண்ட ஆயுளோடு தொடர்புடையவை என லெஸ்டர் பிரெஸ்லோ குழுவினர் கண்டனர்.

இதைவிட முக்கியமானது, இதே ஆய்வின் தரவைக் கொண்டு 1979இல் லிசா பெர்க்மன், லெனர்டு சைம் வெளியிட்ட முடிவு. மணவாழ்க்கை, உற்றார் நண்பர் நெருக்கம், வழிபாட்டுக் குழு, சங்க உறுப்பினராதல் ஆகிய நான்கையும் அவர்கள் கணக்கிட்டனர். இத்தொடர்புகள் மிகக் குறைந்தோரின் இறப்பு விகிதம், ஆய்வு தொடங்கியதை அடுத்த ஒன்பது ஆண்டுகளில், மிகுதியாக உள்ளோரைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. புகை, மது, தொடக்க உடல்நிலை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் வேறுபாடு நீங்கவில்லை. தனிமையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகக் கருத வைத்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு.