பிராண்டிவைன் பட்டறை

பிராண்டிவைன் பட்டறை, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள இலாப நோக்கற்ற அச்சுக்கலை நிறுவனம். 1972-இல் கலைஞர் ஆலன் எட்மண்ட்ஸ் இதைத் தொடங்கினார். அருங்காட்சியகங்களும் கலைக்கூடங்களும் பெரிதும் ஒதுக்கிவைத்திருந்த ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர்களுக்கும் பிற சிறுபான்மை இனக் கலைஞர்களுக்கும், தங்கிப் பணியாற்றும் வாய்ப்பை அளிப்பது இதன் முதன்மைப் பணி.

வணிக அச்சகங்களுக்குரிய ஆஃப்செட் லித்தோ முறையைக் கலைப் படைப்புக்குக் கொண்டுவந்ததே இப்பட்டறையின் தனிச்சிறப்பு. கலைஞர் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி ஒளி ஊடுருவும் படலத்தில் வரைகிறார். அது ஒளியால் உலோகத் தகட்டுக்கு மாற்றப்படுகிறது. தகட்டின் மை முதலில் ரப்பர் விரிப்பில் பதிந்து, பிறகே தாளில் ஏறுகிறது. இருமுறை புரள்வதால் படம் இடவலம் மாறுவதில்லை. கல் அச்சில் செய்வதுபோல் படத்தைத் திருப்பி வரைய வேண்டியதில்லை. அச்சுக்குப் புதியவரான ஓவியருக்கும் சிற்பிக்கும் இது பெரும் வசதி. அச்சிடும் பணியில் தேர்ந்த அச்சுத் தொழிலர்கள் உடனிருந்து உதவுகின்றனர்.

எலிசபெத் கேட்லெட், சாம் கில்லியம் முதலியோர் இங்கு பணியாற்றியுள்ளனர். ஜான் பிகர்ஸின் மூன்று பகுதி அச்சோவியமான ‘ஃபேமிலி ஆர்க்’ (1992) இங்கு உருவான முக்கியப் படைப்பு. பட்டறை தன் அச்சோவியங்களைப் பல்கலைக்கழகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் வழங்கிவருகிறது. 2009-இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் இவ்வாறு 100 அச்சோவியங்களைப் பெற்றது; அதையொட்டி 2012-இல் தனிக் கண்காட்சி நடத்தியது.