துப்பாக்கி, கேமரா, விடுதிக் கதவு

எங்கள் திருக்கடையூர்க் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. கல்வெட்டு என்றதும் தமிழ் படித்த எனக்குக் கொடையும் மெய்க்கீர்த்தியும் நினைவுக்கு வரும். ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் பறவைகள் பூங்காவில் இருக்கும் கல்வெட்டு வேறு வகை. எந்தத் தேதியில் யார் வந்தார், எத்தனை துப்பாக்கிகள், எத்தனை பறவைகள் வீழ்ந்தன என்ற பட்டியல் அது. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் 4,273 பறவைகள். மன்னர்கள் தங்கள் வேட்டைக்காகப் பேணிய நீர்நிலை அது. 1985இல்தான் உலகப் பாரம்பரியக் களமானது.

இந்தியாவில் காட்டுயிர் ஒளிப்படக்கலை இத்தகைய துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில்தான் வளர்ந்தது. 1920களில் வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டினார். புலி அதை மிதித்தால் கேமரா தானே இயங்கும். கொல்லாமலும் புலியை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று காட்டியவர் அவர். பின்னால் வந்தவர்களில் மா. கிருஷ்ணன், விதவைச் சிறுமியின் துயரை நாவலாக எழுதிய அ. மாதவையாவின் மகன். 1932இல் நம் தஞ்சாவூரில் பிறந்த டி.என்.ஏ. பெருமாள், பெங்களூரில் ஓ.சி. எட்வர்ட்ஸிடம் கற்று உலக அளவில் பெயர் பெற்றார். மூவரும் மதிப்புக்குரியவர்கள். மூவரும் ஆண்கள்.

பெண்களுக்கு இதில் நாட்டமில்லை என்று யாராவது சொல்லக்கூடும். கேமராவை எடுத்த பெண்ணுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலா. அவர் எடுத்த தொடக்க காலப் படங்கள் கணவர் மானெக்ஷாவின் பெயரில்தான் அச்சாயின. நகரத்திலேயே இந்த நிலை என்றால் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம். காட்டுயிர்ப் படத்துக்கு முதலில் வேண்டியது விலையுயர்ந்த லென்ஸ் அல்ல. விடியுமுன் வெளியே போகவும், ஒன்றுமே செய்யாமல் மணிக்கணக்கில் காத்திருக்கவும் உரிமை வேண்டும். சமையலறை யாருக்கு அந்த நேரத்தை விட்டுக் கொடுத்திருக்கிறது?

ரதிகா ராமசாமியின் பாதை இங்கேதான் வரலாறாகிறது. தேனிக்கு அருகே வெங்கடாசலபுரத்தில் பிறந்தவர். கணினிப் பொறியியலும் எம்.பி.ஏ.வும் படித்து, டெல்லியில் வாழ்ந்த காலத்தில் பறவைகளைப் படமெடுக்கத் தொடங்கினார். அவருடைய பள்ளிக்கூடம் அதே பரத்பூர். துப்பாக்கிகளின் கணக்கு கல்லில் நிற்கும் இடத்துக்குத் தென்கோடியிலிருந்து வந்த ஒரு பெண், பறவை இரை தேடுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் பார்த்து நின்றார். சர்வதேச அளவில் கவனம் பெற்ற முதல் இந்தியப் பெண் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். ஒளிப்படம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் பயன்பட வேண்டும் என்று வலியுறுத்திவருகிறார். அடுத்தவர்களுக்குப் பயிற்சியும் தருகிறார்.

அவரைப் பற்றி வகுப்பில் பேசியபோது மாணவிகள் சிலர் கோடியக்கரைக்குப் போக வேண்டும் என்றார்கள். 1967இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். ஐப்பசிக்குப் பின் வலசைப் பறவைகள் வந்து இறங்கும் இடம். விடியும்போது பூநாரைகளைப் பார்க்க வேண்டுமானால் இங்கிருந்து மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். பெண்கள் விடுதிக் கதவு ஆறு மணிக்குத்தான் திறக்கும். "பாதுகாப்பு" என்றார்கள். மாணவர்கள் போய்வந்தார்கள். மாணவிகள் அவர்களுடைய கைப்பேசியில் பறவைகளைப் பார்த்தார்கள்.

நடவுக் காலத்தில் விடியுமுன்னே எங்கள் சாலைகளில் லோடு ஆட்டோக்கள் போகும். நிறைய பெண்கள் நின்றுகொண்டே போவார்கள். சேற்றில் குனிந்தபடி, பின்னால் வந்து மேயும் கொக்கு எது, மடையான் எது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள். அவர்களிடம் யாரும் பாதுகாப்பைப் பற்றிப் பேசியதில்லை. பெண் உழைக்கப் போகும்போது இருட்டு யாருக்கும் உறுத்துவதில்லை. அவள் பார்க்கப் போகிறேன் என்றால்தான் ஆபத்தாகிவிடுகிறது.

காட்டைக் காப்பது பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும். பார்க்க அனுமதிக்கப்படாத ஒன்றைக் காப்பாற்றச் சொல்லி யாரையும் கேட்க முடியாது. இந்த ஐப்பசிக்கும் மாணவிகள் விண்ணப்பம் எழுதியிருக்கிறார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.