பத்து வயதில் பூட்டிய நிலையம்

இங்கிலாந்தின் மேற்கில், பிரிஸ்டல் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள கடலோரச் சிற்றூர் போர்ட்டிஸ்ஹெட். அந்த ஊர் ரயில் நிலையம் பற்றிய குறிப்புகளைத் தொகுத்தபோது இரண்டு தேதிகளில் என் கண் நின்றது. திறப்பு, 1954 ஜனவரி 4. மூடல், 1964 செப்டம்பர் 7. அரசு ரயில்வேயின் புத்தம்புது நிலையம் பதினோரு ஆண்டுகூடத் தாங்கவில்லை.

ஆனால் அந்த ஊருக்கு ரயில் முதலில் வந்தது 1867 ஏப்ரலில். இடைப்பட்ட ஏறக்குறைய எண்பத்தேழு ஆண்டுகள் ரயில் எங்கே நின்றது? அந்தப் பழைய நிலையம் என்ன ஆயிற்று? புதிதாகக் கட்டியவர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் பூட்டினார்கள்? இந்த மூன்று கேள்விகளோடுதான் தேடத் தொடங்கினேன்.

பழைய நில அளவை வரைபடங்கள் முதல் விடையைத் தந்தன. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பிரிட்டன் முழுவதற்குமான பழைய வரைபடத் தாள்களை ஒளிவருடிப் பொதுவில் வைத்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத் தாளில் ரயில் பாதை கப்பல் துறையை ஒட்டிக் கடலை நோக்கிப் போகிறது. அதில் வியப்பில்லை. பாதையைப் போட்ட நிறுவனத்தின் பெயரிலேயே கடற்பாலமும் ரயிலும் சேர்ந்திருந்தன. நகரவாசிகளைக் கடலுக்கு அழைத்து வருவதும், பிரிஸ்டலின் ஏவன் ஆற்றுக்குள் நுழையச் சிரமப்பட்ட பெரிய கப்பல்களை இங்கே நிறுத்துவதும் அவர்கள் கணக்கு. முதலில் போட்ட பாதை ஏழடி அகலம், நம் ஊர் அகலப் பாதையைவிடவும் அகலம். 1879-இல் கப்பல் துறை திறந்தது. 1880 ஜனவரியில் பாதையைக் குறுக்கிப் பொது அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 1884-இல் ரயில் பாதை கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கைக்குப் போனது, துறைமுகம் பிரிஸ்டல் மாநகராட்சியின் கைக்குப் போனது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதித் தாளில் அதே இடத்தைத் தேடினால் காட்சி மாறியிருக்கிறது. நிலையம் பின்வாங்கிவிட்டது. அது நின்ற பக்கம் மின் நிலையத்தின் பெருங்கட்டடங்கள்.

மின் நிலையத்தின் வரலாற்றைத் தனியே எடுத்துப் பார்த்த பிறகே இந்த இடமாற்றம் புரிந்தது. துறைமுகக் கரையில் முதல் மின் நிலையம் 1929-இல் உற்பத்தியைத் தொடங்கியது. உலகப் போர் முடிந்ததும் மின்சாரத் தேவை எகிறியது. தேசியமயமான மின்துறை பக்கத்திலேயே இரண்டாவது மின் நிலையத்தைக் கட்டியது, 1955-இல் அது இயங்கத் தொடங்கியது. அதற்கு இடம் வேண்டும், நிலக்கரி இறக்கும் தண்டவாளங்களுக்கு இன்னும் இடம் வேண்டும். பயணிகள் நிலையம் அதற்குக் குறுக்கே நின்றது. ஆகவே அதைத் துறைமுகத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். 1954-ஆம் ஆண்டுத் தேதியின் காரணம் இதுதான். பயணிகளுக்காகச் செய்த விரிவாக்கம் அல்ல அது. நிலக்கரிக்கு வழிவிட்ட இடமாற்றம்.

மூடலுக்கான தடயம் எல்லோருக்கும் தெரிந்த ஆவணத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் 1963 மார்ச் 27-இல் வெளியிட்ட அறிக்கை அது. மூட வேண்டியவை என்று 2,363 நிலையங்களையும் நிறுத்தங்களையும் அதன் பின்னிணைப்பு அடுக்குகிறது. அகர வரிசையில் ஊர்ப் பெயர்கள், பக்கம் பக்கமாக. காரணம் எதுவும் பக்கத்தில் எழுதியிருக்காது. போர்ட்டிஸ்ஹெட் அதில் ஒரு வரி, அவ்வளவே.

அந்த ஒரு வரி எந்த அளவையின் பேரில் வந்தது என்று பார்க்க அறிக்கையின் முன்பக்கங்களுக்குத் திரும்ப வேண்டும். பயணிகள் போக்குவரத்துக் கணக்கு 1961 ஏப்ரல் 23-இல் முடிந்த ஒரு வாரத்தில் எடுக்கப்பட்டது. ஈஸ்டர் விடுமுறை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கோடை இன்னும் தொடங்கவில்லை. கோடையில் கடலைத் தேடிக் கூட்டம் வரும் ஊர்களை அளக்க இதைவிடப் பொருந்தாத வாரம் வேண்டுமா? பீச்சிங்கின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ரயில்வே அப்போது பெரும் நட்டத்தில் ஓடியது. நிலையங்களில் பாதி சேர்ந்து ஈட்டிய வருமானம் மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு அளவுதான். ஆனால் அந்தக் கணக்குக்கு நேற்றைய பயணியை மட்டும்தான் எண்ணத் தெரியும். ஊர் நாளை எப்படி ஆகும் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

சட்டத்திலும் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது. 1962-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் ஒரு நிலையத்தை மூடும் முறையை வகுத்துத் தந்தது. உள்ளூர் நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். பயணிகள் ஆறு வாரத்துக்குள் ஆட்சேபம் எழுதலாம். ஆட்சேபம் வந்தால் பயனாளர் ஆலோசனைக் குழு விசாரிக்கும். ஆனால் அந்தக் குழு அமைச்சரிடம் சொல்லக்கூடியது மூடலால் மக்களுக்கு வரும் இன்னலைப் பற்றி மட்டும். ரயில்வேயின் கணக்கு சரியா, செலவைக் குறைத்து ஓட்ட முடியாதா, ஊர் வளரப் போகிறதா என்றெல்லாம் குழு தீர்ப்புச் சொல்ல முடியாது. முடிவு அமைச்சர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸிடம். ஊர்க்காரர் ஒருவர் அருமையான வாதத்தோடு வந்திருந்தாலும், தன் கஷ்டத்தைச் சொன்ன பகுதியைத் தவிர மற்றது செல்லாது.

1964 செப்டம்பர் 7-ஆம் தேதியோடு போர்ட்டிஸ்ஹெட், பில், ஹாம் கிரீன், கிளிஃப்டன் பிரிட்ஜ் ஆகிய நான்கும் பயணிகளுக்கு மூடப்பட்டன. போர்ட்பரி நிலையம் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே போய்விட்டது. அறிக்கை வெளியான நாளிலிருந்து எண்ணினால் பதினெட்டு மாதம்கூட ஆகவில்லை.

இங்கே கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் பிற்கால வரைபடங்களில் ஒன்று உறுத்தியது. பிரிட்டனில் மூடிய பாதைகள் பலவற்றில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், நிலத்தை விற்றார்கள், வீடும் சாலையும் வந்தன. போர்ட்டிஸ்ஹெட் பாதையில் அப்படி நடக்கவில்லை. கடைசி மூன்று மைல் புதர் மண்டிக் கிடந்தது, ஆனால் தண்டவாளம் புதருக்கடியில் இருந்தது. ஏன்? விடை மறுபடியும் அந்தத் துறைமுகத்தில்தான். பயணிகள் போன பிறகும் சரக்கு ரயில் ஓடியது. சரக்கும் நின்றது 1980-களின் தொடக்கத்தில்தான், இரண்டாவது மின் நிலையமும் 1982-இல் மூடியது. மற்ற ஊர்களில் நிலத்தை விற்றுத் தீர்த்த ஏறக்குறைய இருபது ஆண்டுகளை இந்தப் பாதை சரக்கைச் சுமந்தே கடந்துவிட்டது. நிலையத்தை விரட்டிய தொழில்தான் பாதையைக் காப்பாற்றியும் கொடுத்திருக்கிறது. இந்தத் தேடலில் நான் கண்டவற்றுள் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது இதுவே. பக்கத்து ராயல் போர்ட்பரி துறைமுகத்துக்காக, ஏவன் பள்ளத்தாக்கு வழியே போகும் பகுதியைச் சரக்கு ரயிலுக்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மீட்டுவிட்டார்கள். மிச்சம் அந்த மூன்று மைல்.

இதற்கிடையில் ஊர் வளர்ந்தது. மின் நிலையங்கள் இருந்த நிலத்தில் வீடுகள் நிறைந்தன, கப்பல் துறை படகுத் துறை ஆனது. இன்று 25,000 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். பிரிஸ்டலுக்கு வேலைக்குப் போக அவர்களுக்கு ஏ369 சாலைதான் கதி, காலையில் அது நெடுஞ்சாலைச் சந்திப்பருகே அடைத்துக்கொள்கிறது.

ஆகவே பாதையைப் பயணிகளுக்கு மீண்டும் திறக்கும் திட்டம் வந்தது. அதற்கான புது நிலையத்தைப் பழைய இடத்திலேயே கட்டினால் என்ன? திட்டமிடல் ஆய்வாளர் அலுவலகம் பொதுவில் வைத்திருக்கும் கோப்புகளில் இதற்கு விடை இருக்கிறது. 1954 நிலையம் நின்ற இடத்தில் பிற்பாடு பெட்ரோல் பங்க் வந்தது. அதைக்கூடச் சமாளிக்கலாம். ரயில் ஓடாத காலத்தில் பாதைக்குக் குறுக்கே கீஸ் அவென்யூ என்ற சாலையைப் போட்டுவிட்டார்கள். புதிதாக லெவல் கிராசிங் அமைக்க ரயில் பாதுகாப்பு விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. பாலம் கட்ட அங்கே தோது இல்லை. ஆகவே சாலையைச் சற்று வளைத்துவிட்டு, ரயிலைப் பழைய இடத்துக்குச் சில நூறு மீட்டர் முன்பே நிறுத்துவது என்று 2014-இல் நடந்த கலந்தாய்வுக்குப் பின் முடிவாயிற்று. முதல் நிலையம் கடலருகே, இரண்டாவது அதற்குப் பின்னே, மூன்றாவது இன்னும் பின்னே.

மூடியதற்கும் திறப்பதற்கும் உள்ள உழைப்பின் வித்தியாசம் அந்தக் கோப்புகளில் அப்பட்டமாகத் தெரிகிறது. 2019 நவம்பரில் விண்ணப்பம், 2022 நவம்பர் 14-இல் அனுமதி. பள்ளத்தாக்கின் அரிய வெண்பீம் மரங்கள், லாட வௌவால்கள், பில் ஊரின் ஒற்றை நடைமேடை, பள்ளிக்கூடத்தருகே நடைபாலம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆவணம் உண்டு. இவற்றை வீண் தாமதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மரங்களில் சில வகைகள் அந்தப் பள்ளத்தாக்கை விட்டால் உலகில் வேறெங்கும் வளர்வதில்லை. பணம்தான் மெய்யான தாமதம். ஆறு கோடி பவுண்டுக்கும் குறைவு என்று தொடங்கிய மதிப்பீடு 2017-இல் 14 கோடியைத் தாண்டியது. அப்போது அரை மணிக்கொரு ரயில் என்ற திட்டத்தை வெட்டி மணிக்கொரு ரயில் ஆக்கினார்கள். அரசு பணத்தை உறுதிசெய்தது 2025 ஜூலையில்.

அந்த வெட்டு எனக்குச் சரியாகப் படவில்லை. மணிக்கு ஒரு ரயில் என்றால், தவறவிட்டவர் மறுபடி காரைத்தான் எடுப்பார். அப்புறம் யாராவது ஒரு வாரம் உட்கார்ந்து பயணிகளை எண்ணி, கூட்டம் போதவில்லை என்று எழுதுவார்கள். 1961 ஏப்ரல் வாரக் கணக்கை வாசித்தவர்கள் அரை மணித் திட்டத்தின் கோப்பை மேசையிலிருந்து எடுத்துவிடக் கூடாது. பள்ளத்தாக்குப் பாதையில் அதற்கு என்னென்ன வேலை தேவை என்று பொறியாளர்கள் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள்.