உபதேசியாரும் கீர்த்தனையும்: தேனிப் பகுதித் திருச்சபை வாழ்வு

அல்லிநகரம், பெரியகுளம், உத்தமபாளையம், கம்பம் எனப் பரந்து கிடக்கும் நிலப்பகுதி, 1996-இல் தேனி மாவட்டமாக அமையும் முன்னர் மதுரை மாவட்டத்தின் ஒரு கூறாகவே இருந்தது. ஆதலின் ஈண்டுள்ள கிறித்தவர்தம் சமய வாழ்வை, மதுரையை நடுவாகக் கொண்டு எழுந்த இரு மிஷன்களின் வரலாற்றோடு இணைத்தே நாம் காணல் வேண்டும். ஒன்று, 1606-இல் மதுரைக்கு வந்த தெ நொபிலியால் உருப்பெற்ற இயேசு சபை மிஷன். மற்றொன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்கர் 1834-இல் நிறுவியது. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி முதலிய ஊர்களின் கத்தோலிக்கர் முன்னதன் வழியினர். பெரியகுளம் பின்னதன் நிலையங்களுள் ஒன்று.

மிஷன் ஏடுகள் குருமார் வருகையையும் ஞானஸ்நானம் பெற்றோர் தொகையையும் விரித்துரைக்கும். விளக்கேற்றியபின் வீடுதோறும் நிகழ்ந்த செபத்தைப் பற்றி அவை பெரும்பாலும் பேசா. அதனைத் தாங்கி நின்றவர் யாவர் என்பதே நாம் ஈண்டு ஆராய்வது.

பழைய மதுரை மிஷன் பரப்பால் மிகப் பெரிது, குருமாரோ சிலர். அவர் வாராத நாள்களில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுவித்தலும், சிறுவர்க்கு மறை கற்பித்தலும், நோயுற்றோரைத் தேற்றலும் உபதேசியார் கடனாயின. அன்னோர்க்கெனவே வீரமாமுனிவர் 1727-இல் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார். பிறர்க்குக் கற்பிப்போன் முதற்கண் தன்னை ஆய்ந்து தேர்தல் வேண்டும் என்பதே அதன் உள்ளுறை. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. அச்சபையார் மீண்டும் தமிழகம் வந்தது 1837-இலேயாம். இடைப்பட்ட காலத்தில் வேறு குருமார் சிலர் உழைத்தனரேனும், சிற்றூர்களின் அன்றாட வழிபாடு பெரிதும் உபதேசியாரையே சார்ந்திருந்தது என நாம் கருதலாம்.

சீர்திருத்தச் சபையினரிடையே இப்பணியைக் கீர்த்தனை நிறைவேற்றியது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பார், தஞ்சை வேதநாயகம் சாத்திரியாரின் (1774–1864) பாடல்களை விரும்பித் திரட்டி, 1853-இல் கீர்த்தனைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். மொழிபெயர்ப்புப் பாக்களினும் இராகமும் தாளமும் அமைந்த தமிழ்ப் பாடல்களே எழுத்தறியாதார் நாவிலும் நின்றன. ஓதுதற்கு ஏடு வேண்டும். பாடுதற்குச் செவியே போதும்.

எனினும், முரணொன்று ஈண்டு உண்டு. திருச்சபைக்குள் சாதி வேற்றுமையைக் களைய முயன்ற இளைய மிஷனரிமாரை எதிர்த்து, 1829-இல் எழுதியவர் சாத்திரியார். அமெரிக்க மதுரை மிஷனோ 1847-இல், சாதி நோக்காது உடனுண்ணுதலையே உறுப்பினர்க்குத் தேர்வாக வைத்தது. அதற்கு இசையாத பலர் விலக்கப்பட்டனர். அவருள் உபதேசியாரும் இருந்தனர். ஆறாண்டு கழித்து அம்மிஷனே சாத்திரியார் பாடலை ஏற்றது. பாடலைக் கொண்டு பாடியவரின் கொள்கையைத் தள்ளிய இச்செயல், பக்தி மொழியும் சமுதாய ஒழுகலாறும் ஒரே நெறியிற் செல்வன அல்ல என்பதைக் காட்டும். உடன் பாடுதல் எளிதாயிற்று, உடனுண்ணுதல் அரிதாயிற்று.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகியபோது அமெரிக்க மிஷன்வழிச் சபைகள் அதனுள் அடங்கின. நிருவாகங்கள் மாறினும் வீட்டுச் செபமும் கீர்த்தனையும் தொடர்ந்தன. ஆதலின் இப்பள்ளத்தாக்கின் திருச்சபை வரலாற்றை எழுதப் புகுவோர், குருமார் கடிதங்களோடு உபதேசியார் குறிப்பேடுகளையும், குடும்பங்களிற் பேணப்படும் கையெழுத்துப் பாடற் சுவடிகளையும் தேடித் தொகுத்தல் வேண்டும். நாள்தோறும் நினைந்து வாழப்பட்ட சமயத்திற்கு அவையே அணுக்கச் சான்றாகும்.