கட்டில் ஓர் அளவுகோல்: இந்திய வீட்டு விளம்பரப் படங்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

வீடு விற்பனைக்கும் வாடகைக்கும் உரிய இணையத்தளங்களில் இன்று மூவகைப் படங்களைக் காண்கிறோம். முதல் வகை, அறைகலன்கள் இடப்பட்ட வீட்டின் படம். இரண்டாவது, சுவரும் தரையும் மட்டும் தெரியும் காலி வீட்டின் படம். மூன்றாவது, காலி வீட்டைப் படமெடுத்து, அதற்குள் கணினி வழியாகக் கட்டிலையும் நாற்காலியையும் திரைச்சீலையையும் வரைந்து சேர்த்த படம். மெய்நிகர் அலங்காரம் என்று இதனைக் குறிப்பிடலாம். இம்மூன்றில் எது விரைவில் வாங்குபவரை ஈர்க்கும் என்பதே வணிக உலகின் விவாதம். இப்பதிவு வேறொரு வினாவை எழுப்புகிறது: இப்படங்கள் ஒவ்வொன்றும் பார்ப்பவரை எதை நம்பச் சொல்கின்றன? அந்த நம்பிக்கை பொய்த்தால் பொறுப்பு யாருடையது என்று இந்தியச் சட்டம் கருதி வந்திருக்கிறது?

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் படத்தில் அறைகலன் அழகுப் பொருளாக மட்டும் இருப்பதில்லை. அது ஓர் அளவுகோலாகவும் வேலை செய்கிறது. காலி அறையின் படத்தைப் பார்த்து அதன் பரப்பை ஊகிப்பது கடினம். அதில் ஒரு கட்டிலைப் போட்டவுடன், நமக்குப் பழகிய கட்டிலின் அளவைக் கொண்டு அறையை அளந்துவிடுகிறோம். ஆகவே அளவுகோலை மாற்றுபவர், ஒரு சொல்லும் பொய்யாகச் சொல்லாமலேயே அறையைப் பெரிதாக்கிவிட முடியும். இந்திய வீட்டு விளம்பரத்தின் வரலாற்றை இந்த அளவுகோல் யார் கையில் இருந்தது என்பதன் வரலாறாகவும் வாசிக்கலாம்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், உண்மையை முனைந்து மறைப்பதை மோசடி என்கிறது. ஆனால் வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது என்றும் விளக்கம் தருகிறது. தவறான கூற்றால் ஒருவர் இசைவு தந்திருந்தாலும், சாதாரண முயற்சியால் உண்மையை அறியும் வாய்ப்பு அவருக்கு இருந்திருக்குமானால், அவ்வொப்பந்தத்தை அவர் தவிர்க்க இயலாது என்பது 19-ஆம் பிரிவின் விதிவிலக்கு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் இதே தடத்தில் செல்கிறது. விற்பவர் சொத்தின் முக்கியக் குறைபாட்டை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர். ஆனால் அக்குறைபாடு அவருக்குத் தெரிந்ததாகவும், வாங்குபவருக்குத் தெரியாததாகவும், சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது 55-ஆம் பிரிவு. இச்சட்டங்களின் மனத்தில் இருந்த வாங்குபவர், வீட்டுக்கு நடந்து சென்று, அறைக்குள் நின்று, சுவரைத் தட்டிப் பார்க்கக்கூடியவர். அவருடைய கண்ணும் காலடியுமே அளவுகோல்.

படம் இந்த இடத்துக்குள் நுழைந்த காலத்தைத் தேடினால் 1930களின் பம்பாய்க்குச் செல்ல வேண்டும். கடலை நிரப்பி எடுத்த நிலத்தில் அடுக்கு வீடுகள் எழுந்துகொண்டிருந்தன. பத்து சிமெண்ட் நிறுவனங்கள் 1936-இல் இணைந்து ஏ.சி.சி. உருவானது. மறு ஆண்டு, 1937-இல், இந்தியக் கட்டடக் கலைஞர் கழகம் பம்பாய் நகர மண்டபத்தில் 'இலட்சிய இல்லக் கண்காட்சி' ஒன்றை நடத்தியது. இலண்டனில் 1908 முதல் ஒரு நாளிதழ் நடத்திவந்த கண்காட்சியின் பெயரையே இதுவும் தாங்கியிருந்தது. அறைகள் முழுமையாக அமைக்கப்பட்டு, புதுப் பாணி அறைகலன்களுடன் மக்களுக்குக் காட்டப்பட்டன. அங்கே விற்கப்பட்டது குறிப்பிட்ட ஒரு வீடு அன்று. நவீன வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்ற ஒரு கருத்து. பார்வையாளர் அந்த அறைக்குள் குடிபோகப்போவதில்லை. எனவே அறைகலன் அறையின் அளவைப் பற்றி அவருக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை.

விடுதலைக்குப் பின் இதற்கு நேரெதிரான ஒரு காட்சி முறையையும் காண்கிறோம். 1954-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புது தில்லியில் குறைந்த செலவு வீடுகளுக்கான பன்னாட்டுக் கண்காட்சி நடந்தது. ஐக்கிய நாடுகள் அவை சார்ந்த கருத்தரங்கும் உடன் நிகழ்ந்தது. முழு அளவில் கட்டப்பட்ட மாதிரி வீடுகள் அங்கே வைக்கப்பட்டன. அவை விடையளிக்க முயன்ற கேள்விகள் சுவர் எதனால் ஆனது, கூரைக்கு எவ்வளவு செலவாகும், எளிய குடும்பம் ஒன்று இதற்குள் எப்படி வாழும் என்பன. பம்பாய்க் கண்காட்சி வாழ்க்கை முறையைக் காட்டியது. தில்லிக் கண்காட்சி கட்டுமானத்தைக் காட்டியது. இரண்டிலும் பார்வையாளர் உண்மையான பொருள்களுக்கு நடுவே, சொந்த உடலோடு நின்றார் என்பது பொதுக் கூறு.

திருப்பம் வந்தது, இன்னும் கட்டப்படாத வீட்டை விற்கத் தொடங்கியபோது. பம்பாயில் 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின், வாடகைக்கென்று கட்டடம் எழுப்புவது முதலீட்டாளருக்கு ஆதாயமற்றதாயிற்று. வீட்டைத் தனித்தனியே உரிமையாக்கி விற்கும் முறை பரவியது. அதனுடன் முறைகேடுகளும் பரவியதால் 1963-இல் மகாராட்டிரம் உரிமைக் குடியிருப்புகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. நிலத்தின் உரிமை, வில்லங்கம், கட்டட வரைபடம், பொருத்தப்படும் சாதனங்கள், வசதிகள் ஆகியவற்றைக் கட்டுநர் வெளிப்படுத்த வேண்டும் என்று அது பணித்தது. அதாவது, வாங்குபவர் நடந்து சென்று பார்க்க வீடே இல்லாத நிலையில், காகிதம் கண்ணின் இடத்தைப் பெற்றது. வரைபடத்தை வாசிக்கப் பயிற்சி வேண்டும். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. ஆகவே காகிதத்துக்குத் துணையாக இரண்டு வந்தன: ஓவியர் வரைந்த முகப்புச் சித்திரம், கட்டுமான இடத்திலேயே எழுப்பிய மாதிரி வீடு.

மாதிரி வீட்டில்தான் அறைகலனின் அளவுகோல் தன்மை முழுமையாக வெளிப்படுகிறது. வழக்கத்தைவிடச் சிறிய கட்டில், கதவில்லாத நிலை, சுவரளவு கண்ணாடி, மெல்லிய தடுப்புகள் ஆகியன இத்துறையில் பலரும் அறிந்த உத்திகள். இவற்றின் விளைவை ஒரு கணக்கால் காட்டலாம். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, இரண்டு அறைகள் உள்ள வீட்டில் ஓர் அறை 9.5 சதுர மீட்டருக்கும் மற்றொன்று 7.5 சதுர மீட்டருக்கும் குறையக்கூடாது. சிறிய அறையின் அகலம் குறைந்தது 2.1 மீட்டர் இருக்க வேண்டும். 2.1 மீட்டர் என்பது ஏறத்தாழ 6 அடி 11 அங்குலம். சந்தையில் 'கிங் சைஸ்' என்று விற்கப்படும் கட்டிலின் மெத்தை 6 அடி அகலமும் ஆறரை அடி நீளமும் கொண்டது. அதன் நீளத்தை அறையின் அகலவாக்கில் போட்டால் அரை அடிகூட மிஞ்சாது. திருப்பிப் போட்டால் பக்கத்தில் ஓர் அடிக்கும் குறைவான இடமே மிஞ்சும். உறங்குபவர் கால்மாட்டிலிருந்து ஏற வேண்டும். அதே அறையில் 4 அடி அகலமுள்ள கட்டிலைப் போட்டுக் காட்டினால் ஏறத்தாழ 3 அடி நடைவழி கிடைத்துவிடுகிறது. அறை மாறவில்லை, அளவுகோல் மாறியது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கலாம். வீட்டின் உண்மைப் பரப்பைக் குறிக்க நம் நாட்டில் வழங்கும் தொடர் 'கார்ப்பெட் ஏரியா'. விரிப்பு விரிக்கக்கூடிய தரையளவு என்பதே அதன் சொற்பொருள். ஓர் அறைகலனே அலகின் பெயராகியிருக்கிறது. இதனை அளக்கும் முறைக்கென இந்தியத் தர ஆவணம் ஒன்றும் உண்டு (ஐ.எஸ். 3861). ஆயினும் சந்தையில் இதற்குப் போட்டியாகப் 'பில்ட்-அப்', 'சூப்பர் பில்ட்-அப்' என்ற தொடர்கள் வளர்ந்தன. சுவரின் தடிமனும், பிறகு படிக்கட்டு, மின்தூக்கி, பொதுக்கூடம் ஆகியவற்றில் ஒரு பங்கும் வீட்டின் பரப்பாகவே கணக்கிடப்பட்டன. படத்தில் கட்டில் சுருங்கியதும் எழுத்தில் சதுர அடி விரிந்ததும் ஒரே விளைவைத் தந்தன: வாங்கியவர் பெற்ற இடத்தைவிட, அவர் மனத்தில் பதிந்த இடம் பெரிதாயிற்று.

இவ்விரண்டையும் ஒருங்கே எதிர்கொண்டது 2016-ஆம் ஆண்டின் மனை வணிக (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம். பேச்சு வழக்கில் 'ரெரா'. கார்ப்பெட் ஏரியாவுக்கு அது வரையறை தந்தது: வெளிச்சுவர், குழாய்த்தடம், தனிப் பால்கனி, திறந்த மாடி நீங்கலாக, உட்பிரிப்புச் சுவர்கள் உள்ளிட்ட பயன்பாட்டுத் தரைப்பரப்பு. படங்களைப் பொறுத்தவரை அதன் 12-ஆம் பிரிவு வரலாற்றுச் சிறப்புடையது. விளம்பரத்திலோ விளக்கக் கையேட்டிலோ மாதிரி வீட்டிலோ உள்ள பொய்யான கூற்றை நம்பி முன்பணம் கொடுத்து இழப்புற்றவருக்குக் கட்டுநர் இழப்பீடு தர வேண்டும். விலக விரும்பினால் முழுத்தொகையையும் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். மாதிரி வீடு என்ற சொற்களைச் சட்டமே உச்சரித்து, காட்சிப்பொருளும் ஒரு கூற்று என்று ஏற்றுக்கொண்டது. 1872-இன் 'சாதாரண முயற்சி' என்னும் சுமை, கட்டுநருக்கும் வாங்குபவருக்கும் இடையிலேனும் பெருமளவு இடம் மாறியது.

ஆனால் இப்பாதுகாப்பு கட்டுநரின் திட்டங்களுக்கு உரியது. ஒருவர் தம் பழைய வீட்டை மறுவிற்பனை செய்வதும் வாடகைக்கு விடுவதும் பெரும்பாலும் இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. 2005-க்குப் பின் பெருகிய இணையத்தளங்களில் பெருமளவு இடம்பெறுவன இவ்வகை வீடுகளே. ஊழியர் வந்து காட்டிய வீட்டின் இடத்தில், உரிமையாளரோ தரகரோ எடுத்த படம் வந்தது. அகலக்கோண வில்லை அறையின் மூலைகளை நீட்டியது. காலி வீட்டின் ஈரக்கறையும் விரிசலும் அப்போதும் தெரிந்தன. மெய்நிகர் அலங்காரம் இந்தத் தளத்தில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. கறை இருந்த மூலையில் இப்போது ஒரு புத்தக அடுக்கு நிற்கிறது. மாதிரி வீட்டுக் கட்டிலாவது எவரோ செய்த மரக்கட்டில். அதை நாடாவால் அளக்கலாம். திரையில் வரைந்த கட்டிலுக்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை. அது எந்த அறைக்கும் பொருந்தும்.

மொழியியல் மாணவன் என்ற முறையில் இதனை வினைப்பாங்கின் சிக்கலாகவும் காண்கிறேன். 'இங்கே கட்டில் இருக்கிறது' என்பதும் 'இங்கே கட்டில் போடலாம்' என்பதும் வேறு வேறு கூற்றுகள். முன்னது இருப்பைச் சொல்கிறது; பின்னது இயலுமையைச் சொல்கிறது. தமிழ் இதற்கு '-லாம்' என்னும் சிறிய உருபை வைத்திருக்கிறது; பிற இந்திய மொழிகளுக்கும் அவற்றுக்குரிய வழிகள் உண்டு. ஒளிப்படத்துக்கு அத்தகைய உருபு இல்லை. ஓவியர் வரைந்த பழைய முகப்புச் சித்திரத்தில் தூரிகைத் தடமே '-லாம்' ஆக நின்றது. பார்த்தவுடன் இது வரைந்தது என்று தெரிந்தது. மெய்நிகர் அலங்காரப் படமோ 'போடலாம்' என்ற பொருளை 'இருக்கிறது' என்ற வடிவத்தில் சொல்கிறது. 'இப்படம் கற்பனை' என்று அடியில் இடப்படும் பொறுப்புத் துறப்பு வாசகம்தான், விடுபட்ட அந்த உருபை எழுத்தால் ஒட்டவைக்கும் முயற்சி.

அந்த உருபை யாருக்குப் புரியும் மொழியில், எந்த அளவில் எழுதுவது என்பது இங்கே உயிர்நாடி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் இதைத் தொட்டிருக்கின்றன: துறப்பு வாசகம் முதன்மைக் கூற்றுக்கு முரணாகக் கூடாது, கூற்றின் மொழியிலேயே இருக்க வேண்டும், எழுத்துரு கூற்றின் எழுத்துருவாகவே இருக்க வேண்டும். ஆனால் கூற்று ஒரு படமாக இருக்கும்போது அதன் மொழி எது, எழுத்தின் அளவு எது? இக்கேள்விக்கு கலிஃபோர்னியா மாநிலம் வேறொரு வழியில் விடை தேடியிருக்கிறது. 2026 சனவரி முதல் நடைமுறையில் உள்ள அதன் சட்டம், வீட்டுப் படத்தை எண்ணிம முறையில் மாற்றும் தரகர் அதனை அறிவிப்பதோடு, மாற்றப்படாத மூலப்படத்தையும் காண வழிசெய்ய வேண்டும் என்கிறது. படத்துக்குப் படமே விடையாகிறது.

காலிப் படம்தான் நேர்மையானது என்று இதற்கு முடிவு கட்டிவிட முடியாது. குடியிருப்பவரின் உடைமைகளோடு எடுத்த படம் அவர்களின் மதத்தையும் உணவையும் வருவாயையும் அந்நியர் பார்வைக்கு வைத்துவிடுகிறது. வாடகைக்கு வீடு தருவதில் சாதியும் மதமும் குறுக்கிடும் நாட்டில் இது சிறிய செய்தியன்று. மெய்நிகர் அறைகலன் அந்த அடையாளங்களை நீக்குகிறது என்பது அதன் பக்கத்து நியாயம். ஆனால் அது நீக்குவது அடையாளத்தை மட்டுமா? அந்தப் படங்களில் துணி காயும் கொடி இல்லை; தண்ணீர்க் குடம் இல்லை; சுருட்டி வைத்த பாய் இல்லை. ஐந்து பேர் உறங்கும் அறையை இருவருக்கான அறையாகவே அவை கற்பனை செய்கின்றன.

இதில் இழப்பவர் யார் என்பதைச் சட்டம் ஊகித்த வாங்குபவரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பி வீடு வாங்குபவர், பெங்களூருவில் வேலை கிடைத்து ஒரு வாரத்தில் வந்து சேர வேண்டியவர், வேற்றூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மாணவி ஆகியோர் படத்தைப் பார்த்தே முன்பணம் அனுப்புகின்றனர். நடந்து சென்று பார்த்திருக்கலாமே என்று அவர்களிடம் கேட்பது 1882-இன் கேள்வி. நேரில் சென்று பார்ப்பதற்குப் பதிலாகவே படம் வழங்கப்படுகிறது என்றால், படத்தைப் பார்ப்பதையே 'சாதாரணக் கவனம்' என்று ஏற்க வேண்டும். படத்தில் மறைக்கப்பட்டதை மறைக்கப்பட்ட குறைபாடு என்றும் ஏற்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவைப்படலாம். பழைய பிரிவுகளுக்குப் புதிய வாசிப்பே போதுமானதாகவும் இருக்கலாம். சட்டத்துறை நண்பர்கள் இதுபற்றி எழுதினால் நன்று.

வரலாற்று மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீடு விற்றவுடன் அதன் இணைய விளம்பரம் நீக்கப்படுகிறது. கட்டுநரின் கையேடுகள் எடைக்குப் போகின்றன. அரசாணைகளைச் சேர்ப்பதுபோல் இவற்றை யாரும் முறையாகச் சேர்ப்பதில்லை. உங்கள் வீட்டில் பழைய அடுக்கக விளம்பரக் கையேடு ஏதேனும் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அதில் வரைந்திருக்கும் கட்டிலை அளந்து, பிறகு அந்த அறையையும் அளந்து பாருங்கள்.