கையைக் கடிக்குதா? கடன் ஆப்பைத் திறக்கும் முன் கோடம்பாக்கத்தில் இதையெல்லாம் பாருங்க!

சினிமாவில் தினக்கூலி, கடையில் சேல்ஸ், பைக்கில் டெலிவரி... கோடம்பாக்கத்தில் பலருக்கும் வருமானம் ஒரே சீராக வர்றதில்லை. ரெண்டு வாரம் ஷூட்டிங் நின்னாலே வீட்டு பட்ஜெட் ஆட்டம் கண்டுடும். உடனே கடன் ஆப் பக்கம் போகாதீங்க. அதுக்கு முன்னாடி செலவைக் குறைக்கிற வழிகள் நம்ம ஏரியாவிலேயே இருக்கு. வெட்கப்பட ஒண்ணுமில்ல, எல்லாம் நம்ம வரிப்பணம்தான்.

சாப்பாடு

2013-ல் சென்னையில் தொடங்கியது அம்மா உணவகம். மாநகராட்சி நடத்துகிறது. காலையில் 4 இட்லி 4 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், ராத்திரி 2 சப்பாத்தி 3 ரூபாய். ஆக, ஒரு நாளைக்கு 12 ரூபாய். எந்த அட்டையும் காட்ட வேண்டாம்.

ரேஷன்

அரிசி கார்டுக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ''கார்டு ஊர் அட்ரஸ்ல இருக்கே?'' என்று விட்டுடாதீங்க. 2020 முதல் தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம். கார்டில் பெயர் உள்ள ஒருவர் கைரேகை வைத்தால் போதும். அந்த மாசப் பொருளை ஊர்ல வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். கடையில் மறுத்தால் 1967-க்குப் புகார் சொல்லுங்க.

மருத்துவம்

சேமிப்பை ஒரே நாளில் கரைப்பது ஆஸ்பத்திரி பில்தான். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குப் பயன்படும். விவரங்களுக்கு 1800 425 3993.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ளா? சம்பள ஸ்லிப்பில் இ.எஸ்.ஐ பிடித்தம் இருக்கானு பாருங்க. இருந்தால், பக்கத்திலேயே கே.கே.நகரில் இ.எஸ்.ஐ மருத்துவமனை இருக்கு. குடும்பத்துக்கும் சேர்த்துதான்.

படிப்பு, பஸ்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். கல்லூரி அலுவலகத்தில் கேளுங்க. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் காசு கிடையாது.

அப்பவும் கடன் வேணுமா?

பணம் தருவது எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் என்ற பெயர் ஆப்பில் இருக்கணும். கான்டாக்ட்ஸ், கேலரியைத் திறக்கச் சொன்னால் அந்த ஆப்பை அழிச்சிடுங்க. போட்டோவை மார்ஃப் செய்து மிரட்டினால் பணம் கட்டாதீங்க. சைபர் க்ரைம் எண் 1930-க்குக் கூப்பிடுங்க.

இன்னிக்கே செய்ய வேண்டியது

காப்பீட்டுக்கு வருமானச் சான்றிதழும் ரேஷன் கார்டும் கேட்பாங்க. சான்றிதழ் கையில் கிடைக்க நாளாகும். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது அதுக்கு அலைய முடியாது. கையில் வேலை இருக்கும் இந்த மாசமே இ-சேவை மையத்தில் விண்ணப்பிச்சு வெச்சிடுங்க.