வாழவந்தி நாட்டுப் பிராண்ட் பாட்டி

சேலம், நாமக்கல் பகுதியின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் நகரத்து மருத்துவமனைகளையும் அவற்றைத் தோற்றுவித்த மருத்துவர்களையும் சுற்றியே எழுதப்பட்டு வந்திருப்பதால், பட்டமோ செவிலியர் சான்றிதழோ இல்லாமல் நோயாளியின் வீட்டுத் திண்ணையிலேயே வாழ்நாளைக் கழித்த பெண்களுக்கு அதில் உரிய இடம் கிடைத்ததில்லை. அத்தகையோருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர், லண்டனில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்து, ஓவியம் தீட்டுவதில் தேர்ச்சி பெற்று, பின்னர் கொல்லிமலையின் வாழவந்தி நாட்டைத் தம் ஊராக்கிக்கொண்ட ஈவ்லின் பிராண்ட் (1879–1974) ஆவார்.

சேந்தமங்கலம் சமவெளியை அடுத்துச் செங்குத்தாக எழும் கொல்லிமலைக்கு இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை செல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ ஒற்றையடிப் பாதைகள் மட்டுமே இருந்தன. நடக்க இயலாதவரை, மூங்கில் கழியில் தொங்கவிட்டு ஆட்கள் தோளில் சுமக்கும் டோலியில் வைத்துத்தான் ஏற்றி இறக்கினர். மலையில் வாழ்ந்தோர் மலையாளிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தம் மரபைச் சொல்லிக்கொள்ளும் இப்பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. அவர்களது சிற்றூர்களின் தொகுப்பே நாடு எனப்பட்டது. மலைக்காய்ச்சல் என்று மக்கள் அஞ்சிய மலேரியாவின் காரணமாக, சமவெளியிலிருந்து அங்கே சென்று தங்குவதற்குப் பலரும் தயங்கினர்.

ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சபையின் ஊழியராக 1907இல் இந்தியா வந்த ஜெஸ்ஸி பிராண்டை, ஈவ்லின் 1913 ஆகஸ்டில் சேந்தமங்கலத்தில் மணந்துகொண்டு வாழவந்தியில் குடியேறினார். ஜெஸ்ஸி கட்டியிருந்த மரவீடு கற்கால்களின்மேல் நின்றது. கறையான் ஏறாதபடி ஒவ்வொரு காலின் உச்சியிலும் தகரத் தட்டு கவிழ்க்கப்பட்டிருந்தது. வெப்பமண்டல நோய்கள் குறித்து ஓராண்டுப் பயிற்சி மட்டுமே பெற்றிருந்த ஜெஸ்ஸி சீழ்க்கட்டிகளைக் கீறிவிட்டார், சொத்தைப் பற்களைப் பிடுங்கினார். புண் கழுவிக் கட்டுவதும் நோயாளிக்கு உணவூட்டுவதுமாகிய பணியில் ஈவ்லினின் பங்கு பெரிது. அவர்கள் வந்த நோக்கம் சமயப் பரப்பே என்பதை மறைத்து இவ்வரலாற்றை எழுதுவது முறையாகாது. மருந்து வாங்க வந்த மலைமக்கள் போதனையை நெடுங்காலம் ஏற்கவில்லை. மலைத்தெய்வங்களின் பூசாரி ஒருவர் வெளிப்படையாகவே எதிர்த்துவந்தார்.

1918–19இல் உலகை உலுக்கிய விஷக்காய்ச்சல், அதாவது இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய், மலைமீதும் ஏறியபோது, கணவனும் மனைவியும் அரிசிக்கஞ்சி காய்ச்சி வீடுவீடாகச் சென்று வாயில் ஊட்டினர். அந்நோய்க்கு அன்று வேறு மருந்து இல்லாததால், கஞ்சியும் கவனிப்பும் கிடைத்தனவா இல்லையா என்பதே பலருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. எதிர்த்துவந்த அதே பூசாரியும் நோயில் வீழ்ந்து, இறக்கும் தறுவாயில் தம் பெண் குழந்தையைப் பிராண்ட் தம்பதியிடம் ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிடப்பட்ட அக்குழந்தையும் அவர்கள் வீட்டில் ஒருத்தியாக வளர்ந்தாள்.

ஈவ்லின் பெற்ற பிள்ளைகள் இருவர்: 1914இல் பிறந்த பால், அவருக்கு இளையவரான கோனி. பள்ளிப் படிப்புக்காக இருவரும் 1923இல் இங்கிலாந்தில் விடப்பட்டனர்; தாயின் தொண்டுக்காகப் பிள்ளைகளும் விலை கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். மலேரியா முற்றி, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, சிறுநீர் கறுத்துப் போகும் நிலை அது. தந்தி லண்டனை அடைந்த பின்னும், அவர் முன்பு எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதங்கள் பதினைந்து வயதை எட்டாத பாலின் கைக்கு வந்துகொண்டேயிருந்தன.

கணவரின் மறைவுக்குப் பின் தாயகம் சென்ற ஈவ்லின் மீண்டும் இந்தியா திரும்பியபோது, சபை அவரைச் சமவெளியில் பணியமர்த்தியது. எழுபது வயதை நெருங்கியதும் ஓய்வு பெறச் சொன்னது. அவரோ ஓய்வு பெற்ற கையோடு, எவருடைய பொறுப்பிலும் இல்லாமல் தாமாகவே கொல்லிமலைக்குத் திரும்பினார். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் முதலிய சுற்றுமலைகளுக்கும் செல்வதென அவரும் கணவரும் முன்பே எண்ணியிருந்தனர். அதனை முதுமையில் அவர் தனித்து மேற்கொண்டார். மட்டக்குதிரையில் ஏறி ஊரூராகப் போய், விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின்னும் இரு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். அவரை மக்கள் பிராண்ட் பாட்டி என்றே அறிந்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் தசைநாண் மாற்று அறுவையை வளர்த்தெடுத்த டாக்டர் பால் பிராண்டும், கண் மருத்துவரான மருமகள் மார்கரெட்டும், அவர்களுடைய ஆறு பிள்ளைகளும் இருந்தபோதிலும், பேரப்பிள்ளைகளுடன் அமர்ந்துவிட அவர் இசையவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்து குதிரையைக் கைவிட்டபோது, ஊரார் அவரைத் தூளியில் வைத்து ஊர்விட்டு ஊர் சுமந்து சென்றனர். 1974 டிசம்பரில், 95ஆம் வயதில் இறந்தவரை, அவர் விரும்பியவாறே பெட்டியின்றிப் பருத்தித் துணியில் சுற்றி வாழவந்தியில் கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்தனர்.

அவர் பணிகளில் வரலாற்று நோக்கில் மிகுந்த எடையுள்ளது நரம்புச் சிலந்தி நோய்க்கு எதிரான போராட்டமே. படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்பவரின் காலில் நரம்புச் சிலந்திப் புண் இருந்தால், அதிலுள்ள புழு தண்ணீர் பட்டவுடன் குஞ்சுகளை வெளியிடும். அவற்றை நுண்ணிய நீர்ப்பூச்சிகள் விழுங்க, அந்நீரைக் குடித்தவர் உடலில் ஓராண்டு காலம் வளர்ந்து, ஒரு மீட்டர் வரை நீண்ட புழுவாகித் தோலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். அதைக் குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதளவாகப் பல நாள் இழுத்தெடுக்க வேண்டும்; இடையில் அறுந்தால் புண் சீழ்பிடிக்கும். இதற்குத் தடுப்பூசியுமில்லை, குணமாக்கும் மருந்துமில்லை. ஆகவே கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பி, கால் நனையாமல் தண்ணீர் இறைக்கச் செய்வதை ஜெஸ்ஸி தொடங்கினார். கணவருக்குப் பின் கிழவியாகத் திரும்பி வந்த ஈவ்லின், தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும்படி ஊரூராக வற்புறுத்தி அதைத் தொடர்ந்தார். கொல்லிமலையிலிருந்து அந்நோய் அகன்றதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டென்பது மகன் பாலின் சாட்சியம். 1980களில் இந்திய அரசு நாடு தழுவிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது கைக்கொண்டவையும் துணியால் வடிகட்டுவது, படிக்கிணறுகளை இறைகிணறுகளாக மாற்றுவது ஆகிய இவ்வழிகளே. நாட்டின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் காணப்பட்டார், 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை நரம்புச் சிலந்தி நோயற்ற நாடாக அறிவித்தது.